காசு யார் கையிலிருந்து வருகிறது?

குன்றாண்டார்கோவில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவலின் கைப்பிரதியும், அந்தப் பதிப்பகம் உனக்கு அனுப்பிய பாராட்டுக் கடிதமும், ஒப்பந்தமும் வந்து சேர்ந்தன. மூன்றையும் படித்தேன். அவர்கள் கேட்கிற 45,000 ரூபாயைக் கட்டலாமா வேண்டாமா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். கட்டாதே என்று நானும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் நாளைக்கே வேறொரு பெயரில், இதைவிட நல்ல தமிழில், இதைவிடக் குறைந்த தொகை கேட்டு இன்னொரு கடிதம் வரும். அப்போது இந்த ஒரு வரி உனக்குக் கை கொடுக்காது. அதனால் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

பதிப்பு என்பது முதல் போட்டுச் செய்யும் தொழில். ஒருவர் தன் பணத்தைப் போட்டு இன்னொருவர் எழுதியதை அச்சிடுகிறார். விற்றால் லாபம், விற்காவிட்டால் கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடக்கும். நம் புதுக்கோட்டை மாவட்டத்து ராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன் அப்படித்தான் தொழில் செய்தார். 1950களில் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். அந்த விலைக்கு ஆயிரக்கணக்கான பேர் வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். வாசகர் வராவிட்டால் நஷ்டம் அவருடையது. எந்தப் பதிப்பாளரிடமும் நீ மனதுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: என் புத்தகத்தை ஒரே ஒரு வாசகர்கூட வாங்காமல் போனால் இவருக்கு நஷ்டமா? ஆமாம் என்றால் அவர் பதிப்பாளர். இல்லை, அப்போதும் அவருக்கு லாபம்தான் என்றால், அவருக்கு வாடிக்கையாளர் நீதான். புத்தகம் வெறும் சாக்கு. அவருடைய மற்ற நடத்தை எல்லாம், உன்னை அவர் புகழ்வது, அவசரப்படுத்துவது, நிழற்படம் கேட்பது, விழா மேடை காட்டுவது எல்லாம், இந்த ஒன்றிலிருந்து தானாகவே புரிந்துவிடும்.

உன் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘100 சதவீத ராயல்டி’ என்று போட்டிருக்கிறார்கள். எதில் 100 சதவீதம்? ஒன்பதாவது பிரிவுக்குப் போனால், ‘நிகர வருவாயில்’ என்று இருக்கிறது. விற்பனையாளர் கழிவு, அச்சுச் செலவு, கையாளும் செலவு மூன்றும் போக மிஞ்சுவதே நிகர வருவாயாம். விலை 250 ரூபாய். கழிவு 40 சதவீதம் போனால் 150. ஒவ்வொரு பிரதியாக அச்சடிக்கும் செலவு என்று அவர்களே குறித்திருப்பது 95. கையாளும் செலவு 25. கடைசியில் உன் கைக்கு வருவது 30 ரூபாய். நீ கட்டும் 45,000 திரும்பி வர 1,500 பிரதி விற்றாக வேண்டும். இன்றைக்குப் பெயர் தெரிந்தவர்களின் நாவல்களே முந்நூறு முந்நூறாகத்தான் அச்சாகின்றன என்பதை நீயே அறிவாய். இப்போது அவர்கள் பக்கத்துக் கணக்கைப் பார். உனக்குத் தருவதாகச் சொல்லியிருப்பது 25 பிரதி. அதற்கு அச்சுச் செலவு 2,375. அட்டை, டிடிபி, மெய்ப்பு எல்லாவற்றுக்கும் தாராளமாக 15,000 வைத்துக்கொள். மீதி 27,000க்கு மேல், ஒரு பிரதி விற்பதற்கு முன்னாலேயே அவர்கள் பையில். அப்புறம் அந்தப் புத்தகத்தை விற்க அவர்கள் ஏன் ஒரு கடை படி ஏற வேண்டும்? முதல் போட்ட பதிப்பாளர் விலையில் 10 சதவீதம் ராயல்டி தருகிறார் என்றால் கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். 250இல் அது 25 ரூபாய். அதற்கு நீ ஒரு காசும் கட்டியிருக்க மாட்டாய். 100 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் பிரதிக்கு வெறும் ஐந்து ரூபாய்.

‘அவர்கள் என் எழுத்தைப் பாராட்டியிருக்கிறார்களே, படிக்காமலா எழுதுவார்கள்?’ என்று உனக்குத் தோன்றும். படிக்காமல்தான் எழுதியிருக்கிறார்கள். ‘உலகத் தரம் வாய்ந்த குடும்பக் காவியம்’ என்று இருக்கிறது கடிதத்தில். உன் நாவல் தைலமரம் நட்டபின் ஒரு ஊரின் தண்ணீர் போன கதை. அதில் குடும்பம் என்று சொல்லத்தக்கதே பாதியில்தான் வருகிறது. ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றி அந்தக் கடிதத்தை எவருக்கும் அனுப்பலாம். இது என் சந்தேகம் மட்டும் இல்லை, சோதித்துப் பார்த்தே நிரூபித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பப்ளிஷ்அமெரிக்கா என்ற நிறுவனம், தான் கைப்பிரதிகளைப் பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கும் முறையான பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டி. மெக்டொனால்டு என்ற எழுத்தாளர் முன்னின்று, சக எழுத்தாளர்களைக் கூட்டி, ஆளுக்கொரு அத்தியாயம் முடிந்த அளவு மட்டமாக எழுதச் சொல்லி, ‘அட்லாண்டா நைட்ஸ்’ என்று ஒரு நாவலைத் தைத்தார். அதில் 21ஆம் அத்தியாயமே கிடையாது. ஓர் அத்தியாயம் கணினி நிரல் தாறுமாறாகக் கோத்த வாக்கியங்கள். 2004 டிசம்பரில் அதை ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வந்தது. மறு மாதம் எழுத்தாளர்கள் குட்டை உடைத்ததும் நிறுவனம் ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதில் கவனிக்க ஒன்று உண்டு. அந்த நிறுவனம் முன்பணம் கேட்டதில்லை. எழுதியவரும் அவருடைய உற்றார் உறவினரும் வாங்கும் பிரதிகளை நம்பித்தான் அது நடந்தது என்பதே அதன்மேல் இருந்த விமர்சனம். ஆகவே ‘காசு கேட்கவில்லையே’ என்பதும் நல்ல சான்றிதழ் ஆகாது. நூறு கவிஞர்களின் கவிதைத் தொகுப்பு என்று இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றும் அழைப்புகளைப் பார். ஆளுக்கு ஒரு கவிதை, ஆளுக்குப் பத்துப் பிரதி கட்டாயம். நூறு பேர், ஆயிரம் பிரதி, வாசகர் பூஜ்யம்.

நீ ஆய்வு மாணவியும் என்பதால் உன் துறையிலிருந்தும் சொல்கிறேன். ஜான் போஹனன் என்பவர் 2013இல் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு போலி மருத்துவ ஆய்வுக் கட்டுரையை, எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் வழக்குப் போட்டது: கட்டுரைகள் நிபுணர்களால் முறையாகப் பரிசீலிக்கப்படுவதாகப் பொய் சொன்னது, கட்டண விவரத்தை மறைத்தது என்பவை குற்றச்சாட்டுகள். 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. நாவலாக இருந்தாலும் ஆய்வுக் கட்டுரையாக இருந்தாலும் இயந்திரம் ஒன்றே. எழுதுபவர் கட்டணம் கட்டுகிறார் என்றால், மறுக்கும் ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்கு வருமானம் குறைகிறது. மறுக்க மனம் வராத இடத்தில் கிடைக்கும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு?

இனி நீ சொல்லப்போகும் மறுப்புக்கு வருகிறேன். தமிழில் யார்தான் கைக்காசு போடாமல் புத்தகம் போட்டார்கள் என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்துப் பணம் திரட்டித்தான் அச்சேற்றினார். பாரதி 1920இல் கடையத்திலிருந்து தன் எழுத்துகளை வரிசையாக வெளியிட நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கைபோலக் கடிதம் அனுப்பினார். ஆனால் அவர்கள் காசு எதற்குப் போயிற்று என்று பார். காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் போயிற்று. அச்சான பிரதிகள் அவர்களுடையவை, விற்ற பணம் அவர்களுடையது, உரிமையும் அவர்களுடையது. அச்சகத்துக்காரர் ‘உங்கள் எழுத்தை நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறோம்’ என்று கூலியோடு சேர்த்து ஒரு பொய்யை விற்கவில்லை. சாமிநாதையருக்குப் பணம் தந்தவர்களோ அந்தப் புத்தகத்தைப் படிக்கக் காத்திருந்தவர்கள்; அதாவது வாசகர்கள். எழுத்தாளரை நோக்கித்தான் பணம் வர வேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது என்று மேலே சொன்ன மெக்டொனால்டு ஒரு விதியே வகுத்திருக்கிறார். நம் நாட்டுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் பாதி இலக்கியம் வெளிவந்திருக்காது. ஆகையால் நான் காசு போடாதே என்று சொல்லவில்லை. போடுகிற காசுக்கு எதை வாங்குகிறாய் என்று தெரிந்து போடு என்கிறேன். திருச்சியிலோ சிவகாசியிலோ ஓர் அச்சகத்தில் 200 பிரதிக்கு விலைப்பட்டியல் வாங்கி, டிடிபிக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கொடுத்து, 200 பிரதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. உழைப்புக்குக் கூலி, அவ்வளவுதான். ‘இது கூலிக்குச் செய்யும் வேலை, விற்றுத் தர மாட்டோம்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் சேவை நிறுவனங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூலி வேலையை அங்கீகாரம் என்று பெயர் மாற்றி மூன்று மடங்கு விலைக்கு விற்பதைத்தான் மோசடி என்கிறேன்.

பணத்தைவிட ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவுதான் என்னைப் பயமுறுத்தியது, ஆத்தா. நீ அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ‘உலகமெங்கும், எல்லா மொழிகளிலும், தற்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும், திரைப்படம், இணையத்தொடர், ஒலிநூல் உட்பட, காப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதியிருக்கிறார்கள். காப்புரிமைக் காலம் என்றால் நம் சட்டப்படி எழுதியவரின் ஆயுள் முழுக்க, அதன்பிறகும் 60 ஆண்டு. 25 பிரதிக்குப் பதிலாக உன் பேரன் பேத்திகளின் காலம்வரை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கும் நீயே 45,000 கட்ட வேண்டுமாம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை நீயே படி. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். பார்த்தாயா, சட்டம் எழுத்தாளர் பக்கம் நின்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பாதுகாப்பை எல்லாம் உன் கையெழுத்தாலேயே நீக்கிக்கொள்வதற்குத்தான் ஆறாவது பிரிவு. நம் ஊர்க் குடைவரையில் உள்ள பல்லவர் காலக் கல்வெட்டுகூட, திருவாதிரை நாளில் சோறிட அரிசி கொடுத்தது யார் என்று பெயரோடு, ஆண்டோடு சொல்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதுவதென்றால் அப்படி எழுத வேண்டும். ‘இனி வரப்போகும் எல்லா வடிவங்களும்’ என்பதில் நீ எதைக் கொடுத்தாய் என்று உனக்கே தெரியாது.

உரிமை சிதறினால் என்ன ஆகும் என்பதற்குப் பாரதியைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். அவர் மறைந்தபின் பாடல்களின் உரிமை குடும்பத்தின் கையைவிட்டுத் துண்டுதுண்டாகப் போயிற்று. ஒலிப்பதிவு உரிமை தனியாகக் கைமாறி, கடைசியில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் சட்டச் சிக்கலில் மாட்டினார்கள். நாட்டு மக்கள் வாயில் புழங்கிய பாட்டைப் பாட யாரிடம் அனுமதி கேட்பது என்று பெரிய கிளர்ச்சி எழுந்து, 1949இல் சென்னை மாகாண அரசே உரிமையை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்று தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார், உன் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்கும். மோசடிக்காரர்கள் இல்லாத இடத்திலேயே இவ்வளவு சிக்கல் என்பதை நினைத்துக்கொள்.

அந்த 45,000த்துக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 4,000 போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, கட்டணம் கிடையாது, தானே வெளியிடும் ஆசிரியரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமைப் பதிவுக்கு 8,000 போட்டிருக்கிறார்கள். எழுதிய கணமே காப்புரிமை உனக்கு வந்துவிட்டது, பதிவு கட்டாயமே இல்லை. வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ‘நூலக ஆணை உறுதி’ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தூண்டில், ஏனென்றால் தமிழ்ப் பதிப்புத் துறையே பல காலம் அந்த ஆணையை எதிர்பார்த்து வாழ்ந்த துறை. பொது நூலகத் துறை எந்த நூலை வாங்கும் என்பதைத் தேர்வுக் குழு முடிவு செய்கிறது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையை அறிவித்து, விண்ணப்பத்தையும் இணையவழிக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்னும் அச்சாகாத புத்தகத்துக்கு ஆணையை உறுதி செய்ய யாராலும் முடியாது. முடியும் என்பவர் பொய் சொல்கிறார், அல்லது லஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் நீ அந்த இடத்தில் நிற்க வேண்டாம்.

கடைசியில் ஒரு விருதும் வைத்திருக்கிறார்கள். சென்னையில் பெரிய அரங்கம், ஓய்வுபெற்ற நீதிபதி கையால் கேடயம். அரங்கத்தைப் பார்த்து மயங்காதே. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் விவேகானந்தர் அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குக் ‘கௌரவ டாக்டர்’ பட்டம் வழங்கியது. பட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுத்தது. ஏற்பாடு செய்தவர் கைதானார். அரங்கம் வாடகைக்குக் கிடைக்கும் பொருள், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. உண்மையான பரிசில் காசு எந்தத் திசையில் போகிறது என்று பார்: 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்குச் சாகித்ய அகாதெமி 2011 முதல் யுவ புரஸ்கார் தருகிறது, 50,000 ரூபாயை அவர்கள் தருகிறார்கள், உன்னிடம் வாங்குவதில்லை.

பெரிய பதிப்பகங்களின் பெயரில் வரும் மின்னஞ்சலையும் நம்பி ஓடாதே. ஃபிலிப்போ பெர்னார்டினி என்ற இத்தாலிய இளைஞர், லண்டனில் பதிப்புத் துறையிலேயே வேலை பார்த்துக்கொண்டு, பல ஆண்டுகள் புகழ்பெற்ற பதிப்பாசிரியர்கள்போல் வேடமிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிவராத கைப்பிரதிகளை வரவழைத்துக்கொண்டார். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் பிடிபட்டு, மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் செய்தது மிக எளிய தந்திரம். ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சின்ன எழுத்தில் ஒட்டி வைத்தால் ‘எம்’ போலவே தெரியும். பதிப்பகத்தின் முகவரியில் அந்த ஓர் எழுத்தை மட்டும் அப்படி மாற்றியிருந்தார். கைபேசியில் பார்ப்பவர் எவர் கண்ணிலும் படாது. அவர் பணம் பறிக்கவில்லை. அதே வேடத்தைப் பணத்துக்காகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதான எழுத்தாளர்கள் 800 பேருக்கு மேல் குறிவைக்கப்பட்டு 4 கோடி டாலருக்கு மேல் பறிபோனதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 2025 தொடக்கத்தில் வெளியே வந்தது. உங்கள் புத்தகத்தைப் படமாக்க ஆள் தயார், அதற்கு முன் இந்தக் கட்டணம், பிறகு அந்த வரி என்று படிப்படியாகக் கேட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. முகவரியைத் தட்டச்சு செய்து சரிபார். பதிப்பகத்தின் புத்தகம் ஒன்றில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீயே அழைத்துக் கேள்.

‘கிராமத்திலிருந்து வந்தவளுக்கு யார் பெரியப்பா கதவைத் திறப்பார்கள்? இவர்களாவது கூப்பிடுகிறார்களே’ என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. நல்ல பதிப்பகங்களில் கைப்பிரதி மாதக்கணக்கில் கிடக்கும், பதிலே வராமலும் போகும் என்பது உண்மை. முறையான பதிப்பகங்களிலும் ராயல்டிக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறைகூட அனுப்பாதவர்கள் உண்டு என்பதும் உண்மை. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் கதவு மெதுவாகத் திறக்கிறது என்பதற்காக, சுவரில் வரைந்த கதவுக்குச் சாவி வாங்க முடியாது. இவர்கள் போடும் புத்தகம் எந்தக் கடையில் இருக்கிறது என்று போய்ப் பார். புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் இவர்கள் அரங்கு போட்டார்களா என்று விசாரி. இவர்கள் வெளியிட்டதில் இரண்டு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கி, அந்த ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, போன வருஷம் எவ்வளவு ராயல்டி வந்தது என்று நேராகக் கேள். நேர்மையான சிறு பதிப்பாளர் இந்த விசாரணைக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் ஆசிரியரின் எண்ணை அவரே தருவார். இந்தச் சந்தேகத்தால் நல்லவர்களும் பாதிக்கப்படுவார்களே என்றால், அவர்களுக்கு இது சோதனையே இல்லை. ‘நாளை மாலைக்குள் கட்டாவிட்டால் வாய்ப்பு போய்விடும்’ என்பவர்களுக்குத்தான் சோதனை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நாவலின் ஓர் அத்தியாயத்தைச் சிறுகதையாகச் செப்பனிட்டு இதழ்களுக்கு அனுப்பு. பதிப்பாசிரியர்கள் புதியவர்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தரும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. இந்த ஆண்டு விண்ணப்பம் எப்போது என்று மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் கேள். எதுவும் அமையாவிட்டால் கிண்டிலில் நீயே ஏற்றலாம், அதற்குக் காசு கிடையாது; உரிமையும் உன்னிடமே இருக்கும். புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கு ஒருநாள் போய்வா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் சேர்த்து வைத்த முதல் பதிப்புகள் அங்கே உண்டு. கதையைப் படிக்க வேண்டாம், முதல் இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டு. யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது, உரிமை யாருக்கு என்று பத்துப் புத்தகம் பார்த்தால், இந்தத் தொழிலில் யார் எதைச் சுமந்தார்கள் என்று கண் பழகிவிடும்.

முன்பதிவு என்று ஏற்கனவே 5,000 கட்டிவிட்டாய், அது வீணாகிவிடக் கூடாது என்று தயங்குகிறாய். போன 5,000ஐக் காப்பாற்ற 40,000 அனுப்புவது எந்தக் கணக்கு? கையெழுத்துப் போடவில்லை என்பதால் உரிமை உன்னிடம்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, கட்டிய தொகையைத் திருப்பி அனுப்புங்கள் என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுது. போனில் பேசாதே, பேசினால் கரைத்துவிடுவார்கள். தராவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கு டெல்லியில்தான் நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் கண்டு மிரளாதே. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ‘இது வணிகம், இவர் நுகர்வோர் இல்லை’ என்று எதிர்வாதம் வைப்பார்கள்; அதற்கு வக்கீல் பதில் சொல்லட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஆளே போலி, நிறுவனமே இல்லை என்று தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் 1930க்கு அழை. சைபர் குற்றப் புகாரில் முதல் சில மணி நேரம்தான் பணத்தை மறிக்க உதவும்.

நாவலைப் பற்றி: முதல் நாற்பது பக்கம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் கடலைக் கொல்லையை விற்கும் காட்சியில்தான் கதை உண்மையில் தொடங்குகிறது. அங்கிருந்து ஆரம்பித்து மற்றதைப் பின்னால் சொல்லிப் பார். சர்வேயர் பேசும் தமிழ் தஞ்சாவூர்த் தமிழாக இருக்கிறது, நம் பக்கத்து ஆளாக மாற்று. கண்மாய் ஏலம் நடக்கும் மாதத்தையும் சரிபார்க்க வேண்டும், கதையில் இரண்டு இடத்தில் இரண்டு மாதம் வருகிறது. மற்ற திருத்தங்களைக் கைப்பிரதியிலேயே பென்சிலால் குறித்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியப்பா